பெட்டி நிரம்பிவிட்டது, அத்தான்

அன்புக்கும் ஆத்திரத்துக்கும் உரிய அத்தானுக்கு,

உங்கள் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி அக்கா கேட்டு ஒரு மாதத்துக்கு மேலாகிறது. "நல்லதா நாலு வார்த்தை எழுது தம்பி, கணக்கு வழக்கெல்லாம் எழுதிறாத" என்றுதான் சொன்னாள். நானும் நல்லதாகத்தான் தொடங்கினேன். ஒவ்வொரு முறையும் நடை அலுமாரிக்குள் உறுமிக்கொண்டிருக்கும் உங்கள் கணினிப் பெட்டியிலேயே வந்து முட்டிக்கொண்டேன். அதனால் அதைப் பற்றியே எழுதிவிடுகிறேன். மலரைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வேலைக் காலம் முழுவதையும் பல்கலைக்கழக நூலகத்தின் பட்டியல் பிரிவில் கழித்தவன் நான். பொருளடக்கம் போடாமல் எனக்குக் கை ஓடாது. நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். இருந்தாலும்:

1. பெட்டி நிரம்பிவிட்டது. அதற்கு முழுக் காரணம் நீங்கள்.
2. எல்லாவற்றையும் இரண்டு வன்தட்டுகளில் எழுதும் உங்கள் ஏற்பாடு செலவை இரட்டிப்பாக்குகிறது.
3. இறந்துபோனவர்களின் படங்களை அகற்றிவிட்டால் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.
4. இந்த விஷயத்தில் அக்காவோடு பேசிப் பயனில்லை.
5. இத்தனைக்குப் பிறகும் என்னிடம் ஒரு செலவுத் திட்டம் இருக்கிறது.

முதலாவதுக்கு வருகிறேன். தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் உங்கள் அம்மா காலமானபோது வீட்டில் அவருடைய படம் ஒன்றும் இருக்கவில்லை. அடையாள அட்டையில் இருந்த முத்திரை அளவுப் படத்தைக் கடையில் கொடுத்துப் பெரிதாக்கினார்கள். வந்தது வேறு யாரோ ஒருவருடைய முகம். காரியம் முடியும்வரை அந்த வேறு யாரோவுக்கு மாலை போட்டுக் கும்பிட்டோம் என்று சொல்லிச் சொல்லி ஆத்திரப்படுவீர்கள். அடுத்த திருவிழாவுக்குத் தோட்டத்துக்குப் போனபோது உங்கள் தோளில் ஒரு கமரா தொங்கியது. வங்கி முகாமையாளரான நீங்கள் லீவு போட்டுவிட்டு வந்து, வயதானவர்கள் எல்லோரையும் கோயில் சுவரோரம் ஒவ்வொருவராக நிறுத்திப் படம் பிடித்தீர்கள். எதற்கென்று நீங்கள் சொல்லவில்லை. எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

கருப்பையா மட்டும் வாய்விட்டுக் கேட்டார், ஞாபகமிருக்கிறதா? தலைவாரிக்கொண்டே, "என்ன சேர், எனக்கு நாள் குறிச்சிட்டீங்களா? சிரிக்கவா வேணாமா? சாவு வீட்டுல வைக்கிற படத்துல பல்லு தெரியலாமா?" என்றார். "மொதல்ல செத்துக் காட்டுங்க, பொறகு பாப்போம்" என்றீர்கள். சுவரோரம் நின்ற வரிசை முழுதும் சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. குடை பிடிக்க வந்தவன் நான்.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. தோட்டத்தில் ஒரு சாவு என்றால் முதலில் வெள்ளைக்கொடி கட்டுவார்கள், அடுத்ததாக உங்களுக்குத் தொலைபேசி எடுப்பார்கள். நீங்கள் பெட்டியில் தேடி அனுப்புவீர்கள். பின்னேரத்துக்குள் அந்த முகம் பெரிதாகி, சந்தியில் தொங்கும் பனராகவும் வீட்டில் மாலைக்குள்ளும் வந்துவிடும். பன்வில பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் கூப்பிடத் தொடங்கினார்கள். பழைய கணினி ஒன்றைப் பிரித்து, இரண்டு பெரிய தட்டுகளைப் போட்டு, நடை அலுமாரியின் கீழ்த்தட்டில் பெட்டியை வைத்தது அப்போதுதான். அதை 'சேர்வர்' என்று நீங்கள் மட்டும் சொன்னீர்கள். எங்களுக்குப் பெட்டி.

நீங்கள் போய் மூன்றாம் நாள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. துக்கம் விசாரிக்க யாரோ என்று எடுத்தேன். "சேர் இல்லன்னு தெரியும் ஐயா. மன்னிச்சிக்கங்க. எங்க பெரியப்பா காலையில..." என்று ஒரு குரல் இழுத்தது. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றுதான் முதல் தடவையாக உங்கள் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

அத்தான், அந்தப் படங்களுக்கெல்லாம் இப்படியா பெயர் வைத்திருக்கிறீர்கள்? 'மேட்டு லயம் கோழிக்காரம்மா'. 'தம்பியின் மாமனார், மீசை'. 'மீசை, மற்றவர்'. 'கோயிலில் சண்டை போட்டவர்'. எனக்குக் கீழே வேலை செய்த யாராவது இப்படிப் பட்டியல் போட்டிருந்தால் சத்தம் போட்டிருக்க மாட்டேன், எனக்குச் சத்தம் போட வராது. ஆனால் ஒரு கிழமை தூக்கம் வந்திருக்காது. தோட்டத்துக்குத் தொலைபேசி எடுத்து, ஒவ்வொரு மீசையும் யாருடையது என்று விசாரித்து, ஊர், குடியிருக்கும் லயம், பெயர், தகப்பன் பெயர் என்று ஒழுங்காகப் பதிவு செய்து முடிக்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது.

அப்போது தெரிந்தது இன்னொன்று. ஓர் ஆளுக்கு ஒரு படம் போதாதா? பொத்தானை அழுத்தினால் விடவே மாட்டீர்களா? ஒவ்வொருவருக்கும் பத்து, பதினைந்து. முகத்தைத் துடைக்கிறபோது ஒன்று, திரும்புகிறபோது ஒன்று, கண்ணை மூடியிருக்கிறபோது இரண்டு. சாவு வீட்டுக்குப் போவது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் சுருக்காமல் அப்படியே உள்ளே கிடக்கின்றன. நிரம்பாமல் என்ன செய்யும்?

இரண்டாவது விஷயத்தில் நாம் நீங்கள் இருக்கும்போதே வாதாடியிருக்கிறோம். இரண்டு தட்டு வாங்கி, ஒன்றில் எழுதுவதையே மற்றதிலும் எழுதினால், இரண்டுக்குக் காசு கொடுத்து ஒன்றின் இடத்தைத்தான் பெறுகிறோம். இப்போது அந்த இரண்டில் ஒன்று முனகத் தொடங்கியிருக்கிறது. திரையில் மஞ்சள் எச்சரிக்கை வந்து நிற்கிறது. "இதுக்குத்தான் மச்சான் ரெண்டு" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. சரி, ஆனால் பெட்டி நிரம்பியிருப்பதால் பெரியதாக மாற்றும்போதும் இரண்டல்லவா வாங்க வேண்டியிருக்கிறது? மற்றதும் போய்விட்டால் அடுத்த சாவுக்குத் தெல்தோட்டையில் மறுபடியும் அடையாள அட்டைதான். அந்தப் பயத்தில்தான் விலை கேட்கப் போனேன்.

நீங்கள் வழமையாகப் போகும் ரியாஸின் கணினிக் கடைக்கே போனேன். முதல் தடவை பெரஹரா ஊர்வலத்துக்காக வீதியை மூடியிருந்தார்கள். வாவியைச் சுற்றி நடந்து போய்ச் சேர்ந்தால் கடையும் மூடியிருந்தது. இரண்டாம் தடவை ஒரு விலை சொன்னான். வீட்டுக்கு வந்து யோசித்து, துண்டில் எழுதி, மூன்றாம் தடவை போனால் விலை ஏறியிருந்தது. அதை மிகப் பணிவாகச் சுட்டிக்காட்டினேன். "சேர், அது அன்டைய வெல. இன்டைக்கு வந்து அதே வெலய கேட்டா நான் எங்க போற?" என்றான். இரண்டு தட்டுக்கும் என் ஓய்வூதியத்தில் மூன்று மாதம் போய்விடும். வெறுங்கையோடு வெளியே வர வெட்கப்பட்டு, தேவையில்லாத ஒரு மவுஸை வாங்கிக்கொண்டு வந்தேன். அதற்கு முந்தின தடவையும் ஒரு மவுஸ்தான் வாங்கினேன்.

உங்கள் மகனிடம் சொன்னேன். மெல்போர்னில் இருந்துகொண்டு, பெட்டியே வேண்டாம், எல்லாவற்றையும் இணையத்தில் வாடகைக்கு இடம் எடுத்துப் போட்டுவிடலாம் என்கிறான். மாதாமாதம் டொலரில் கட்ட வேண்டுமாம். இங்கே குரங்குகள் இணையக் கம்பியில் ஊஞ்சலாடுவதை அவன் மறந்துவிட்டான். போன மாதம் அறுத்துப் போட்டதைக் கட்ட ஆள் வர ஒரு கிழமையானது. அந்தக் கிழமையில் யாராவது இறந்திருந்தால், அவர்களிடம் பொறுத்திருக்கச் சொல்வதா?

அக்கா வேறு விதம். "வருசம் திரும்பாம வீட்டுக்குப் புதுசா ஒன்னும் வாங்கக் கூடாது" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். தட்டு பழுதானால் வருசம் பார்க்காது என்றேன். எண்ணெய்ச் சட்டியைக் கூட அவள் மாற்றவில்லையாம், உன் தட்டுக்கு என்ன அவசரம் என்றாள். இந்தப் பேச்சை ரியாஸிடம் சொன்னது என் பிழை. அவன் உடனே கீழே குனிந்து ஒன்றை எடுத்தான். "பாவிச்சது ஒன்டு ஈக்குது சேர். கடையொன்டுட கமரா சிஸ்டத்துல ஓடினது. மூனு மாசத்துக்கு நான் பொறுப்பு."

"நாலாவது மாதம்?"

"அல்லாஹ் பொறுப்பு."

இதை வீட்டில் வந்து வேடிக்கையாகச் சொன்னேன். அக்கா வேடிக்கையாக எடுக்கவில்லை. "பாவிச்சது புதுசு இல்லதானே? அத வாங்கு" என்றாள். இரவும் பகலும் ஓடித் தேய்ந்த தட்டில் ஒரு தோட்டத்து முகங்களை எல்லாம் ஏற்றச் சொல்கிறாள், அத்தான். அதற்குத் தடையில்லையாம். புதியதற்குத்தான் தடை. நாலாவது குறிப்பை நான் ஏன் எழுதினேன் என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

ஆகவே வாங்காமலே சமாளிக்க வழி தேடினேன். நூலகத்தில் கழித்தல் என்று ஒரு வேலை உண்டு. நெடுங்காலம் யாரும் இரவல் எடுக்காத புத்தகங்களைப் பிரித்து வெளியேற்றுவோம். இல்லாவிட்டால் புதியவற்றுக்கு இடம் ஏது? அந்த விதியை உங்கள் பெட்டிக்குப் பொருத்திப் பார்த்தேன். இருப்பவர்கள், இல்லாதவர்கள் என்று பிரித்தேன். படம் எதற்காக எடுக்கப்பட்டதோ அந்தக் காரியம் இல்லாதவர்கள் விஷயத்தில் முடிந்துவிட்டது. சாவு வீட்டுக்கு அனுப்பியாயிற்று, சட்டம் போட்டு மாட்டியாயிற்று. இனி யார் கேட்கப் போகிறார்கள்? அவர்களை அகற்றினால் பெட்டியில் பாதிக்கு மேல் காலியாகும். நல்ல தட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இன்னும் பல வருடம் ஓட்டலாம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

நூலக முறைப்படி அவர்களை எல்லாம் ஒரு கோப்புறையில் தள்ளி, 'கழிக்க வேண்டியவை' என்று பெயர் போட்டு, ஆட்சேபத்துக்குச் சில நாள் விட்டேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அழிக்கப் போகிறேன் என்று அக்காவிடம் அறிவித்தேன்.

"வெள்ளிக்கெழமயும் அதுவுமா செத்தவங்கள வீட்டவிட்டு வெரட்டப் போறியா?"

"படத்தைத்தான் அக்கா."

"எல்லாம் ஒன்னுதான்."

சனிக்கிழமை கூடவே கூடாது என்றாள். செவ்வாயும் கூடாது. புதன் நல்ல நாள்தான், ஆனால் அமாவாசை கழியட்டும் என்றாள். கழிந்தது. அதற்குப் பிறகு மார்கழி என்றாள். கணினியில் ஒரு பொத்தானை அழுத்தப் பஞ்சாங்கம் பார்த்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இதுவரை எழுதி மேசையில் வைத்திருந்தேன், அத்தான். இனி வருவது போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எழுதுவது.

அன்று காலை ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். தெல்தோட்டை பஸ்ஸில் வந்து, சந்தியில் விசாரித்து, மழையில் நனைந்தபடி படியேறி வந்திருந்தாள். "சேர், நான் சாந்தி. முத்தம்மா மக. குவைத்துல இருந்து போன கெழமதான் வந்தேன்" என்றாள். முத்தம்மா என்றால் உங்களுக்குத் தெரியாது. உங்கள் மேட்டு லயம் கோழிக்காரம்மா.

அம்மாவின் சாவுக்கு வர அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. கைத்தொலைபேசியில் பார்த்திருக்கிறாள். தூக்குகிற நேரம் இணைப்பு அறுந்துவிட்டதாம். இப்போது அம்மாவின் படம் வேண்டும் என்றாள். கொடுத்தாயிற்றே, உங்கள் அண்ணன் வாங்கிப் போனாரே என்று பதிவைப் பார்த்துச் சொன்னேன்.

"அது மாட்டியிருக்கு சேர், பாத்தேன். கடையில மொகத்த வெள்ளையாக்கி, பின்னால ரோசாப்பூ எல்லாம் போட்டு வச்சிருக்காங்க. அம்மா மாதிரிதான் இருக்கு" என்றாள். பிறகு, "வேற ஒன்னும் இல்லியா சேர்? அம்மா சும்மா நிக்கிற மாதிரி?" என்று கேட்டாள்.

கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். பெட்டியைத் திறந்தேன். 'கழிக்க வேண்டியவை' என்ற பெயர் திரையில் பெரிதாக நின்றது. அதை அவள் வாசித்திருப்பாள்.

முத்தம்மாவுக்கு நீங்கள் எடுத்தவை வரிசையாக வந்தன. முதலில் எங்கேயோ பார்க்கிறார். முந்தானையால் கழுத்தைத் துடைக்கிறார். உங்களைக் காண்கிறார். கை மேலே எழும்புகிறது. வாய் திறக்கிறது. பக்கத்தில் யாரிடமோ திரும்பிச் சிரிக்கிறார், வாயைப் பொத்திக்கொள்கிறார். கடைசியாக நேரே நிற்கிறார். சாவு வீட்டுக்குப் போனது அந்தக் கடைசிப் படம்.

சாந்தி என் கையிலிருந்து மவுஸை வாங்கிக்கொண்டாள். ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக அழுத்தினாள். அம்மாவின் கை எழுந்தது, இறங்கியது. மறுபடி முதலிலிருந்து அழுத்தினாள். கை எழுந்தது.

"படம் புடிச்ச சேர ஏசுறாங்க" என்றாள். அவள் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "கோழி அடைக்கணும், விடுங்க சேர்னு ஏசுறாங்க. இப்பிடித்தான் கைய ஆட்டுவாங்க."

எத்தனை தடவை பார்த்தாள் என்று தெரியாது. அக்கா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், அது ஆறியது. எல்லாவற்றையும் அவளுடைய கைத்தொலைபேசியில் ஏற்றிக் கொடுத்தேன். வாசல் வரை போனவள் திரும்பினாள். "இங்க பத்திரமா இருக்குமா சேர்? கைல இருக்குற போன நம்ப ஏலாது. அடுத்த மாசம் திரும்பப் போறேன். வர ரெண்டு வருசமாகும்."

இருக்கும் என்று சொல்லிவிட்டேன். எதற்கும் உறுதி சொல்லிப் பழக்கமில்லாதவன் நான், உங்களுக்குத் தெரியும். ஒரு தட்டு முனகிக்கொண்டிருக்கும் பெட்டியை வைத்துக்கொண்டு, அக்காவின் முன்னால், இருக்கும் என்று சொன்னேன்.

அவள் போன பிறகு அந்தக் கோப்புறையை மூடப் போனேன். கழிக்க வேண்டியவர்களில் உங்கள் பெயரும் இருந்தது. விதி எல்லோருக்கும் ஒன்று என்று நான்தான் தள்ளியிருந்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே.

அது நான் எடுத்தது, அத்தான். உங்கள் கடைசித் திருவிழா. "எனக்கும் ஒன்னு வேணுந்தானே மச்சான்" என்று கமராவை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றீர்கள். எங்கே தவறிவிடுமோ என்ற பயத்தில் அழுத்திய விரலை நான் எடுக்கவே இல்லை. நாற்பதுக்கு மேல் இருக்கிறது. சட்டையை இழுத்துவிடுகிறீர்கள். சிரிக்கிறீர்கள். காத்திருக்கிறீர்கள். சிரிப்பு போகிறது. போதும் என்று கை காட்டுகிறீர்கள். ஏதோ சொல்லிக்கொண்டு நடந்து வருகிறீர்கள், பெரிதாகிக்கொண்டே வருகிறீர்கள், கடைசிப் படங்களில் உங்கள் உள்ளங்கை மட்டும்.

சாந்தி அழுத்திய மாதிரி அழுத்தினேன். அக்கா எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியாது.

"இன்னொருக்கா போடு" என்றாள்.

போட்டேன்.

"ஒனக்கு ஏசிக்கிட்டே வாராரு."

"ஆமாம். விரலை எடுக்கச் சொல்கிறார்."

அவள் சிரித்தாள். உங்களுக்குப் பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான். மறுநாள் காலை பூ பறித்துக்கொண்டு வந்தவள், நின்றபடியே சொன்னாள்: "வருசத்துக்குப் படையல்ல வைக்க அவருக்கு வேட்டி எடுக்கணுந்தானே. அதோட அந்தத் தட்டையும் எடு. அவருக்கு எடுக்குறது வீட்டுக்குப் புதுசுல சேராது."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாதி வருடம், அத்தான். பாவித்த தட்டு, வாடகை இடம், கழித்தல் என்று பாதி வருடம் மண்டையை உடைத்திருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். "நீ தட்டுன்னுதானே கேட்ட. அவருக்குன்னு கேக்கலியே" என்று உள்ளே போய்விட்டாள்.

ஆகையால் ஐந்தாவது, செலவுத் திட்டம். இரண்டு தட்டும் புதிதுதான், இப்போது இருப்பதைப் போல இரண்டு மடங்கு பெரியது. ஒன்று என் ஓய்வூதியத்தில். மற்றது மகன் இணைய வாடகைக்கு வைத்திருந்த காசில், அவனும் சம்மதித்துவிட்டான். ரியாஸ் விலையைத் திருவிழாவில் சாமி மாலையை ஏலம் விடுகிற மாதிரி ஏற்றாமல் நிறுத்தி வைக்க முற்பணம் கொடுத்தாயிற்று. மவுஸ் வாங்கவில்லை. அதுவரை பெட்டியை அணைத்து வைத்திருக்கிறேன், யாராவது கூப்பிட்டால் மட்டும் திறப்பேன். முதலில் முனகுகிறதைக் கழற்றிப் புதியதைப் போட்டு, நல்ல தட்டிலிருந்து எல்லாம் அதற்கு இறங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் மற்றதை மாற்றுவேன். அவசரப்பட மாட்டேன். அவசரப்பட எனக்குத் தெரியாது.

வருசத்தன்று உங்கள் படத்துக்கு முன்னால் வேட்டிக்கு மேல் இரண்டு தட்டும் இருக்கும். உறையைப் பிரிக்கக் கூடாது என்று அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். படையலைச் சுற்றித் தண்ணீர் தெளிப்பார்களே, அதற்குத்தான் பயப்படுகிறேன். நானே பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வேன்.

இன்னொன்று. வரும் திருவிழாவுக்குக் கமராவை நான் கொண்டு போகிறேன். கருப்பையா இன்னும் இருக்கிறார், இந்த வருடமும் தலைவாரிக்கொண்டு கேலி பேசுவார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு வராது. சுவரோரம் நிறுத்துவேன், பொத்தானை அழுத்துவேன். விரலை எடுக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

மேலே எழுதிய ஐந்து குறிப்புகளையும் அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன், என்ன நினைத்திருந்தேன் என்பது பதிவில் இருக்கட்டும். நான்கு சரியே. பெட்டியை நிரப்பியது நீங்கள்தான், இரண்டு தட்டு இரண்டு செலவுதான், அக்காவோடு பேசிப் பயனில்லைதான், செலவுத் திட்டமும் இருக்கிறதுதான்.

மூன்றாவது தவறு, அத்தான்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக் கீழறையில் இன்னும் வாடகை கொடுக்காமல் இருக்கும்
மைத்துனன்
சிவஞானம்